வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ஷேக்ஸ்பியர் படிக்கலாமா?

கேள்வி: "வணக்கம் அக்கா. எனக்கு 24 வயது. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு செய்யாறு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரியில் 'மெக்பெத்' போட்டபோது லேடி மெக்பெத்தாக நடித்தேன். அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் என் மனசு நடிப்புப் பள்ளியில் இருக்கிறது. அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கத் தயாராக இருக்கிறார். 'படிக்கும்போதே நாடகத்தில் நடித்துச் சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம்' என்கிறார் கன்சல்டன்ட். இன்னொரு பயமும் இருக்கிறது. நான் பேசும் ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கும். அங்கே சிரிப்பார்களா? – ம., திருவண்ணாமலை மாவட்டம்."

பதில்:

அன்புள்ள ம.,

கன்சல்டன்ட் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். அது தப்பு. உங்கள் விசாவுக்கே உலை வைக்கக்கூடிய தப்பு. இங்கிலாந்து மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிக்கிறவர்கள் பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் சுயதொழில் கூடாது. தொழில்முறை விளையாட்டு வீரராகவோ கலைஞராகவோ வேலை பார்க்கக் கூடாது. காபிக் கடையில் கோப்பை கழுவலாம், துணிக்கடையில் சட்டை மடித்து வைக்கலாம். நடிப்பு படிக்கப் போன ஊரில் சம்பளத்துக்கு நடிக்க மட்டும் முடியாது. பாடத்தின் பகுதியாகப் பள்ளி மேடையில் ஏறுவது படிப்பில் சேர்ந்தது, அதற்குத் தடையில்லை.

படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசா என்று ஒன்று உண்டு. அதில் நடிக்கலாம். இதுவரை இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். உங்களுக்கும் அந்தக் கணக்குதான் வரும். அந்த 18 மாதத்துக்குள் ஒரு ஏஜென்ட் பிடிக்க வேண்டும், 'ஸ்பாட்லைட்' என்ற நடிகர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், ஆடிஷன் ஆடிஷனாக ஏறி இறங்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த நடிகர்கள்கூட ஒரு நாடகத்துக்கும் அடுத்த நாடகத்துக்கும் நடுவில் மேசை துடைக்கிறார்கள். நடிப்பை வைத்துக் கடன் அடைக்கலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. லண்டனானாலும் சரி, கோடம்பாக்கமானாலும் சரி.

சரி, கணக்கு என்றதும் அதையும் பார்த்துவிடுவோம். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம், பல்கலைக்கழகமோ நாடகப் பள்ளியோ, ஏறத்தாழ 25,000 பவுண்டை ஒட்டி வருகிறது. சில இடங்களில் அதற்கும் மேலே. சாப்பாடு, வாடகைக்கு மாதம் சுமார் 1,500 பவுண்டு வீதம் 9 மாதப் பணம் இருப்பதாக லண்டனில் படிக்கிறவர் விசாவுக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,200-க்குச் சற்றுக் குறைவு. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, தனியாக. விசாக் கட்டணம், விமானம் எல்லாம் சேர்த்தால் 40,000 பவுண்டு. ஒரு பவுண்டை 120 ரூபாய் என்று வைத்தால் 48 லட்சம். அப்பா வைக்கப் போகும் பத்திரம் அந்த அளவு தாங்கும் வீடா என்று எனக்குத் தெரியாது. தாங்கினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் எதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் ஷேக்ஸ்பியரும் நடிப்பும் ஒரே ஊர் மாதிரி வருகின்றன. இங்கிலாந்தில் அவை இரண்டு ஊர்கள், நடுவில் ரயில் பிடிக்க வேண்டும்.

ஒரு ஊர், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 1951-இல் தொடங்கிய ஷேக்ஸ்பியர் இன்ஸ்டிடியூட் அங்கே இருக்கிறது. மேரி கொரெல்லி என்ற நாவலாசிரியை வாழ்ந்த மேசன் கிராஃப்ட் என்னும் பழைய வீட்டில் வகுப்புகள். அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு வரியை மூன்று நாள் புரட்டுவீர்கள். உதாரணத்துக்கு, ஹாம்லெட்டின் 'டு பீ ஆர் நாட் டு பீ' எல்லோருக்கும் தெரியும், அதற்கப்புறம் 'தட் இஸ் த க்வெஸ்டின்' என்று வரும். 1603-இல் முதல்முறை அச்சான பிரதியில் அப்படி இல்லை. 'ஐ, தேர்'ஸ் த பாயிண்ட்' என்று இருக்கிறது. இது யார் செய்த மாற்றம்? நடிகர் ஒருவர் ஞாபகத்திலிருந்து சொன்னதா, அச்சகத்தின் வேலையா, ஆசிரியரே பின்னால் திருத்தினாரா? இந்தக் கேள்வி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் உங்களுக்குக் கிடைத்த எம்.ஏ. நல்ல இடம்தான். சண்டையே வேண்டாம்.

இன்னொரு ஊர், லண்டனின் நாடகப் பள்ளிகள். 1904-இல் தொடங்கிய ராடா, அதைவிடப் பழைய லாம்டா, கில்டுஹால், சென்ட்ரல் என்று நான்கைந்து பெயர்கள் எல்லோர் வாயிலும் வரும். லண்டனுக்கு வெளியே பிரிஸ்டல் ஓல்டு விக் பள்ளி. பட்டம் முடித்தவர்களுக்கு லாம்டாவில் செவ்வியல் நடிப்புக்கென்றே ஓராண்டு எம்.ஏ. இருக்கிறது. சென்ட்ரலிலும் அப்படி ஒன்று உண்டு. இங்கே புத்தகம் கையில் இருக்கும் நேரம் கம்மி. காலையில் வெறுங்காலோடு தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விடுவதில் ஆரம்பித்து, மாலையில் வாள் சண்டைப் பயிற்சியில் முடியும். அந்த 1603 பிரதியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். 'அந்த வரியை எதற்கு இப்போது சொல்கிறாய், யாரிடம் சொல்கிறாய்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எரிச்சல் வரும் அளவுக்குக் கேட்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பும் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியும், ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கின் மாதிரியில் கட்டிய குளோப் நாடக அரங்கமும் சேர்ந்து நடத்தும் எம்.ஏ. அது படிப்புப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அரங்கம் கைக்கெட்டும் தூரத்தில்.

எம்.ஏ.வைப் பின்வாசலாக நினைத்துப் போகாதீர்கள். 'முதலில் அங்கே போய்விடுவோம், அப்புறம் எப்படியாவது நடிப்புக்குத் தாவிக்கொள்ளலாம்' என்று வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பகலில் நூலகத்தில் உட்கார்ந்து பக்கத்து ஊர் நாடகப் பள்ளிக்காரர்களைப் பார்த்து ஏங்குவதற்கு 48 லட்சம் அதிகம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். உண்மையில் பேச வேண்டியதே இதைப் பற்றித்தான்.

சிரிக்க மாட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்போது பி.பி.சி. செய்தி வாசிப்பவர் போலப் பேசினால்தான் ஷேக்ஸ்பியர் என்று இருந்தது. யார்க்‌ஷயர் பிள்ளையும் வேல்ஸ் பிள்ளையும்கூடத் தங்கள் ஊர்ப் பேச்சை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். இன்று அந்த உச்சரிப்பையும் கற்றுத்தருவார்கள், பெட்டியில் இருக்கும் பல சட்டைகளில் ஒன்றாக. கொழும்பில் பிறந்து ராடாவில் படித்த ஹிரன் அபேசேகர 2022-இல் லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியர் விருது வாங்கினார். 2025-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஹாம்லெட்டாகவே நின்றார். அதற்கும் முன்னால், 2006-இல் டிம் சப்பிள் இயக்கிய 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனது. இந்திய, இலங்கை நடிகர்கள், தமிழ் உட்படப் பல மொழிகள். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் மேடையில் தமிழ் கேட்டாகிவிட்டது. (2012-இல் குளோப் அரங்கில் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டபோது இந்தி, குஜராத்தி, உருது, வங்காளம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் போகவில்லை.)

இன்னொரு விஷயம் கேளுங்கள். 'ஹார்ட்' என்று நீங்கள் சொல்லும்போது நடுவில் ஒரு 'ர்' கேட்கும் இல்லையா? லண்டன் கனவான் பேச்சில் அது கேட்காது. ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்தில் கேட்டது. மொழியறிஞர் டேவிட் கிரிஸ்டல் அந்தக் காலத்து உச்சரிப்பை மீட்டெடுத்துக் கொடுக்க, 2004-இல் குளோப் அரங்கில் 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டை அப்படியே பேசி நடித்தார்கள். 'லவ்', 'ப்ரூவ்' என்ற இரண்டும் இன்று ஒத்து ஒலிப்பதில்லை. அன்று ஒலித்தன. கனவான் பேச்சு என்று நாம் பயப்படுகிறோமே, அது ஷேக்ஸ்பியர் செத்து நூற்றைம்பது இருநூறு வருடம் கழித்து உருவானது. அந்த 'ர்' விஷயத்தில் நீங்கள்தான் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

ஆக, தமிழ் வாடை பிரச்சினை இல்லை. ஆனால் நம் பிள்ளைகளிடம் வேறொரு வாடை இருக்கிறது, அதுதான் பிரச்சினை: ஒப்பித்தல் வாடை.

என் கதையைச் சொல்கிறேன். லண்டனில் ஒரு பள்ளியில், முதல் வாரம். எல்லோரும் ஆளுக்கொரு வசனம் பேச வேண்டும். நான் பள்ளிக்கூடத்திலிருந்தே பேச்சுப் போட்டிக் கோப்பைகளாக அடுக்கி வைத்திருந்தவள். 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' போர்ஷியாவின் கருணைப் பேச்சை எடுத்துக்கொண்டேன். வலது கையை ஏந்தி, புருவத்தைத் தூக்கி, ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தேன். கைதட்டல் வரும் என்று நின்றேன். ஆசிரியை என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'யாரிடம் பேசினாய்?' என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. 'உன் எதிரில் ஒருவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். அவனைத் தடுக்கத்தான் அவள் பேசுகிறாள். நீ பரிசு வாங்கப் பேசினாய்' என்றார். அன்று ராத்திரி ஹாஸ்டல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பதால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் அவர் செய்ய வைத்த பயிற்சியை நீங்களும் உங்கள் வீட்டு முற்றத்தில் செய்யலாம். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் 1969 முதல் குரல் பயிற்சி கொடுத்த சிஸிலி பெர்ரி பரப்பிய முறை. வசனத்தைப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எது வந்தாலும் சட்டென்று திசை திரும்ப வேண்டும். ஹாம்லெட்டின் சில பேச்சுகளில் நாலு அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது, தலை சுற்றும். அவன் மூளை எப்படி முட்டி மோதுகிறது என்பது உங்கள் காலுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நின்ற இடத்தில் பேசிப் பாருங்கள்.

அடுத்தது யாப்பு. இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு வம்பும் உண்டு. அசை, சீர், அடி என்பதெல்லாம் பள்ளியில் படித்த நமக்குப் புதிதில்லை. ஐந்து சீர் வந்தால் நெடிலடி. ஷேக்ஸ்பியரின் செய்யுள் அடியும் ஐந்து சீர்தான், சீருக்கு இரண்டு அசை, மொத்தம் பத்து. ஆனால் நாம் குறில் நெடில் பார்த்து எண்ணுகிறோம், ஆங்கிலம் அழுத்தத்தைப் பார்த்து எண்ணுகிறது. மெலிந்த ஒன்று, அழுந்திய ஒன்று: ததும் ததும் ததும் ததும் ததும். ரோமியோ ஜூலியட்டை ஜன்னலில் பார்க்கும் வரியை எடுங்கள். 'பட் சாஃப்ட், வாட் லைட் த்ரூ யாண்டர் விண்டோ பிரேக்ஸ்.' இதில் 'சாஃப்ட்', 'லைட்', 'யாண்', 'விண்', 'பிரேக்ஸ்' ஐந்தும் அழுந்த வேண்டும். 'பட்', 'வாட்', 'த்ரூ' எல்லாம் தொட்டும் தொடாமல் போக வேண்டும். நாமோ ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைக்கும் ஒரே கூலி கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் நம் வாயில் அந்தச் செய்யுள் தட்டையாகப் போகிறது. வெள்ளைக்காரர் மாதிரி பேச முயன்றால் இது சரியாகாது. அழுத்தம் எங்கே விழுகிறது என்று தொடையில் தட்டித் தட்டிப் பழகினால் சரியாகும். நம் ஊர்த் தாளம் போட்டுப் பழகிய கைக்கு மூன்று மாதம் போதும்.

நீங்கள் நடித்த நாடகத்திலேயே ஓர் இடம் காட்டுகிறேன். கொலை முடிந்து மெக்பெத் படியிறங்கி வருகிறான். இருட்டு. நீங்கள், அதாவது லேடி மெக்பெத், 'டிட் நாட் யூ ஸ்பீக்?' என்கிறீர்கள். அவன் 'வென்?' என்கிறான். நீங்கள் 'நௌ.' அவன் 'ஆஸ் ஐ டிசெண்டெட்?' இந்த நான்கு பேச்சையும் ஒட்டி எண்ணிப் பாருங்கள். நாலு, ஒன்று, ஒன்று, ஐந்து. கடைசியில் மெலிந்த அசை ஒன்று கூடுதல், அவ்வளவுதான். நாலாகக் கிழித்து இரண்டு பேரிடம் கொடுத்த ஒரே அடி. அப்படியென்றால் நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பிடுங்க வேண்டும். கல்லூரி நாடகத்தில் இந்த இடத்தில் ஆளுக்கு மூன்று நொடி இடைவெளி விட்டு, பின்னால் இடி சத்தம் போட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பயத்தை அவர் சத்தத்தில் வைக்கவில்லை, அடிக்குள்ளேயே வைத்துவிட்டார். நாடகம் முழுக்கச் செய்யுளில் பேசிய அதே பெண், கடைசியில் தூக்கத்தில் நடந்து கையைத் தேய்க்கும்போது உரைநடைக்கு இறங்கிவிடுகிறாள். அவள் புத்தி உடைந்ததைச் சொல்ல அதைவிட ஒரு வழி வேண்டுமா?

அப்புறம், நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாத ஒன்று: நீ, நீங்கள். இன்றைய ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'தௌ', 'யூ' இரண்டும் இருந்தன. என்னோடு படித்த இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைக் குறிப்பேட்டில் எழுதிப் படிக்க வேண்டியிருந்தது. அப்பா செத்ததும் சித்தப்பாவைக் கட்டிக்கொண்ட அம்மா, ஹாம்லெட்டிடம் 'ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டெட்' என்கிறாள். அவன் திருப்பி, 'மதர், யூ ஹேவ் மை ஃபாதர் மச் அஃபெண்டெட்' என்கிறான். தமிழில் கேளுங்கள். 'உன் அப்பாவை நீ ரொம்ப நோகடித்துவிட்டாய்.' 'என் அப்பாவை நீங்கள் ரொம்ப நோகடித்துவிட்டீர்கள்.' அந்த 'நீங்கள்' எப்படிச் சுடுகிறது பார்த்தீர்களா? கோபத்தில் அம்மாவை 'நீங்க' என்று கூப்பிட்டுப் பார்த்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் இந்த இடத்தை நான் தமிழில் பேசிக் காட்டினேன். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் 'நீங்கள்' வந்ததும் அம்மாவாக நடித்தவள் ஓர் அடி பின்னால் போனாள். அந்த வருடம் எனக்குத் தன்னம்பிக்கை வந்த நாள் அதுதான்.

இன்னொரு சொத்து உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது. செய்யாறு என்கிறீர்கள், தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை எவ்வளவு தூரம்? கூத்து பார்த்திருப்பீர்கள். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவான், வம்பிழுப்பான், பதில் வாங்குவான். ஷேக்ஸ்பியரின் நாடகமும் பட்டப்பகலில், நடிகர் கண்ணுக்குக் கூட்டம் தெரிய, கூட்டத்தைப் பார்த்தே பேசப்பட்டது. தனிமொழி என்பது தனக்குத் தானே முணுமுணுப்பது என்று நாம் சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் கூட்டத்தோடு பேசுவதுதான். 1997-இல் திறந்த இன்றைய குளோப் அரங்கில் கூரையில்லாத முற்றத்தில் 700 பேர் நின்றுகொண்டே பார்க்கலாம். நான் படித்தபோது டிக்கெட் ஐந்து பவுண்டு. மழை வந்தால் குடை விரிக்க விடமாட்டார்கள், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்று. நான் நனைந்துகொண்டு நின்ற ஒரு நாள், மேடையிலிருந்து ஒரு நடிகர் நேராக என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். ஊர்த் திருவிழாவில் கட்டியங்காரனிடம் மாட்டிக்கொண்ட மாதிரியே இருந்தது. கூத்து பார்த்து வளர்ந்ததை ஆடிஷனில் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஆடிஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. பெரும்பாலான பள்ளிகள் இரண்டு துண்டுகள் கேட்கும். ஷேக்ஸ்பியரோ அவர் காலத்தவரோ ஒன்று, தற்கால நாடகம் ஒன்று. இரண்டு நிமிடத்தை ஒட்டி. பல இடங்களில் முதல் சுற்று வீடியோதான். வெறும் சுவர், குறுக்குவாட்டில் போன், சத்தமில்லாத அறை. அலங்காரம் எதுவும் வேண்டாம். ராடா போன்ற இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டு, மூன்றாண்டுப் பட்டத்துக்கு முப்பது பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். ஒருமுறை கிடைக்கவில்லை என்றால் அதற்காகத் தலையில் கை வைக்காதீர்கள்.

எதைச் செய்வது? லேடி மெக்பெத் வேண்டாம். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் காலையிலிருந்து பத்து லேடி மெக்பெத் பார்த்திருப்பார்கள். 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா'வில் ஜூலியா என்று ஒரு பெண், உங்கள் வயதோ கொஞ்சம் குறைவோ. காதலனிடமிருந்து வந்த கடிதத்தை வீம்புக்காகத் தோழி எதிரில் கிழித்துப் போடுகிறாள். தோழி போனதும் மண்டியிட்டுத் துண்டு துண்டாகப் பொறுக்குகிறாள். ஒரு துண்டில் தன் பெயர் இருக்கிறது, அதைத் திட்டி எறிகிறாள். இன்னொன்றில் அவன் பெயர், அதை நெஞ்சில் வைத்துக்கொள்கிறாள். காற்று அடித்துவிடக் கூடாதே என்று கெஞ்சுகிறாள். கையில் காகிதம் இருக்கிறது, தரையில் வேலை இருக்கிறது. ஒப்பிக்க நேரமே கிடைக்காது. உங்களுக்கு நான் கொடுக்கும் மருந்து இதுதான்.

இப்போது அப்பாவுக்கு என்ன சொல்வது? பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கடன் தலைக்கு மேல் நிற்கும்போது நடிப்புப் பள்ளியில் தைரியமாகத் தப்பு செய்ய முடியாது. ஒவ்வொரு வகுப்பையும் 'இது எத்தனை ஆயிரம் ரூபாய்' என்று எண்ணுவீர்கள். தப்பு செய்துதான் அங்கே எதையும் கற்கிறோம். என்னோடு படித்த ஒருத்தி அப்படித்தான் எண்ணிக்கொண்டே இருந்தாள். எங்களில் அவள்தான் ரொம்பக் கெட்டிக்காரி, கடைசி வரை இறுகியே இருந்தாள்.

இடம் கொடுத்த பல்கலைக்கழகத்திடம் ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள், கட்டின பிறகு இல்லை. அந்த ஒரு வருடத்தில் உதவித்தொகைக்கு எழுதுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்குக் கொடுப்பது. இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களுக்கு இருக்கிறது. படிப்பு முடித்து இரண்டு வருடமாவது ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, எனவே கிராஜுவேட் விசாக் கனவோடு அது சேராது. இன்லாக்ஸ் அறக்கட்டளை முப்பதுக்குள் இருக்கும் இந்தியர்களுக்கு. கலைத் துறைக்காரர்களுக்குச் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் ஒரு பகுதிப் பணம் கொடுக்கும். ஒன்றையே நம்பாமல் மூன்றுக்கும் போடுங்கள்.

அதற்கும் முன்னால், முடிந்தால், ஒரு கோடைப் பயிற்சி. ராடாவும் லாம்டாவும் ஷேக்ஸ்பியர் குறும்பயிற்சிகள் நடத்துபவை. அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஆறு மாதத்துக்குள் படிப்பதற்குச் சுற்றுலா விசா வகையே போதும், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. அதுவும் சில லட்சம் ஆகும். ஆனால் 48 லட்சம் போடும் முன் இது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொள்ள அது மலிவு. மழையில் குளோப் முற்றத்தில் மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றுவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெறுங்காலோடு தரையில் படுக்க ஆசை வருகிறதா, அல்லது நூலகத்தில் போய் அந்த 1603 பிரதியைப் பார்க்க ஆசை வருகிறதா? அப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள், எது என்று.

இந்த மாதம் செய்ய ஒரு சின்ன வேலை தருகிறேன். ஜூலியாவின் பேச்சை நான்கு நாள் தொடையில் தட்டிப் படியுங்கள். ஐந்தாம் நாள் ஒரு பழைய கடிதத்தைக் கிழித்துத் தரையில் போட்டுவிட்டு, போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பேசுங்கள். முதலில் தமிழில், உங்கள் வீட்டுத் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். தமிழில் பேசும்போது உங்கள் கை எங்கே போகிறது, ஆங்கிலம் வந்ததும் அது எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இவ்வளவு நேரம் 'நீங்கள்' என்றே எழுதிவிட்டேன். வயதில் என் மகள்தான். பதிவு எடுத்ததும் அனுப்பும்மா, இரண்டையும் அனுப்பு. உன் கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.